ஐந்து மாணவர்களோடு தொடங்கிய விடுதிப் பள்ளி

கோடை விடுமுறை முடிந்ததும் நம் பங்குகளிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் பெட்டியும் படுக்கையுமாக விடுதிப் பள்ளிகளுக்குப் புறப்படுகின்றனர். அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோராகிய நாம், கட்டடம் எப்படி, உணவு எப்படி, தேர்ச்சி எப்படி என்றெல்லாம் விசாரிக்கிறோம். இவை விசாரிக்க வேண்டியவைதாம். ஆனால் ஒரு விடுதிப் பள்ளியின் உயிர் எதில் இருக்கிறது என்பதைக் குறித்து நாம் அதிகம் சிந்திப்பதில்லை. அதற்கு விடை தேடும் நோக்கத்துடன், வங்காளத்தில் ஐந்தே மாணவர்களோடு தொடங்கிய ஒரு சிறு பள்ளியின் முதல் பருவத்தை இங்கே நினைவுகூர விரும்புகிறோம். அப்பள்ளியின் தொடக்கத்தில் கத்தோலிக்கர் இருவருக்குப் பங்குண்டு என்பது நம் குடும்பங்களில் பலர் அறியாத செய்தி.

பொட்டல் வெளியில் ஒரு பள்ளி

கல்கத்தாவுக்கு வடக்கே சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில் போல்பூர் என்னும் ஊர் உள்ளது. அதனருகே, செம்மண் பொட்டல் வெளியில் இரண்டு ஏழிலைப்பாலை மரங்கள் நின்ற இடத்தைத் தேவேந்திரநாத் தாகூர் 1863இல் பெற்றார். தியானத்திற்கென அங்கே அவர் கட்டிய இல்லத்திற்குச் சாந்திநிகேதன் என்று பெயரிட்டார். அவருடைய மைந்தர் கவிஞர் இரவீந்திரநாத், 1901 டிசம்பர் 22ஆம் நாள் அங்கே ஒரு விடுதிப் பள்ளியைத் திறந்துவைத்தார். மாணவர் ஐவர், அவர்களுள் ஒருவர் கவிஞரின் மூத்த மகன் இரதீந்திரநாத். பண்டைய குருகுலத்தை மனத்தில் கொண்டு, பள்ளிக்குப் பிரம்மசரிய ஆசிரமம் என்று பெயர் சூட்டப்பட்டது.

வாழ்க்கை மிக எளியது. சிறுவர்கள் விடியுமுன் எழுந்தனர். தங்கள் அறையைத் தாங்களே பெருக்கினர். குளித்து முடித்துச் சற்று நேரம் மௌனமாகத் தியானித்தனர். பின்னர் ஆளுக்கொரு பாயை எடுத்துக்கொண்டு மரநிழலில் பாடம் கேட்க அமர்ந்தனர். காலில் செருப்பில்லை, உணவோ மரக்கறி உணவு. தொடக்கத்தில் கட்டணம் ஏதும் வாங்கப்படவில்லை.

கட்டணம் இல்லையெனில் செலவுக்கு வழி? கவிஞர் அப்போது கடன்பட்டிருந்தார். பூரிக் கடற்கரையில் இருந்த தம் வீட்டை விற்றார். அவருடைய துணைவியார் மிருணாளினி தம் நகைகளில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டார். அத்தோடு நில்லாமல், தாயைப் பிரிந்து வந்த சிறுவர்களுக்குத் தம் கையாலேயே சமைத்துப் பரிமாறினார். ஓராண்டு நிறைவதற்குள், 1902 நவம்பர் 23ஆம் நாள், முப்பது வயதும் நிரம்பாத அந்த அம்மையார் காலமானார். பள்ளி மூடப்படவில்லை.

இரு கத்தோலிக்க நண்பர்கள்

பிரம்மபாந்தவ் உபாத்தியாயர் 1861இல் பிறந்த வங்காளத்துப் பிராமணர். 1891இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர். காவியுடுத்தித் துறவியாக வாழ்ந்தவர். கவிஞரின் நூலொன்றை அவர் பாராட்டி எழுதியதிலிருந்து இருவருக்கும் நட்பு உண்டாயிற்று. அவருடைய சீடர் ரேவாசந்த், சிந்து நாட்டவர். பிற்காலத்தில் அணிமானந்தர் என்று அறியப்பட்டவர். இவ்விருவரும் அப்போது கல்கத்தாவில் ஒரு சிறு பள்ளியை நடத்திவந்தனர். கவிஞர் பள்ளி தொடங்க முனைந்தபோது, தங்கள் அனுபவத்தை அவருக்கு மனமுவந்து அளித்தனர். ரேவாசந்த் அங்கேயே தங்கி மாணவர்களை நடத்தினார். 'குருதேவர்' என்ற பட்டத்தைத் தமக்குச் சூட்டியவர் உபாத்தியாயரே என்று கவிஞர் பின்னாளில் எழுதியுள்ளார்.

ஆயினும், கூட்டு முயற்சி நீடிக்கவில்லை. ரேவாசந்த் நேரந்தவறாமையையும் கட்டுப்பாட்டையும் வலியுறுத்தியவர். கவிஞரோ சிறுவர்கள் ஓடவும் மரமேறவும் வேண்டும் என்று எண்ணியவர். ஆசிரியர்கள் கிறிஸ்தவர்கள் என்பதால் எழுந்த தயக்கமும் பிரிவுக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 1902ஆம் ஆண்டிலேயே இருவரும் விலகினர். உபாத்தியாயர் பின்னர் விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டு, இராஜ நிந்தனை வழக்கு நடந்துகொண்டிருக்கையில் 1907இல் மறைந்தார். அணிமானந்தர் கல்கத்தாவில் சிறுவர்களுக்கெனப் பள்ளி நடத்தியே வாழ்நாளைக் கழித்தார். கட்டுப்பாடா, சுதந்திரமா என்னும் அந்த வழக்கு இன்றும் ஒவ்வொரு விடுதியிலும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இருதரப்பாரும் பிள்ளைகளின் நன்மையையே நாடினர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஒரு குருவானவரின் விசாரிப்பு

கவிஞரின் இளமையை அறிந்தால் அவர் உள்ளம் நமக்கு விளங்கும். பள்ளிக்கூடம் என்றாலே அவருக்குச் சிறைச்சாலை. ஒன்றிலும் நிலைக்காமல் பள்ளி பள்ளியாக மாறினார். 1875ஆம் ஆண்டளவில் சேசு சபையாரின் தூய சவேரியார் கல்லூரியில் சேர்க்கப்பட்டார். அங்கும் மனம் ஒட்டவில்லை. ஆனால் அங்கிருந்த ஒருவரை மட்டும் அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. அவர் பெனராந்தா என்னும் ஸ்பானியக் குரு. அவருடைய ஆங்கில உச்சரிப்பு மாணவர்களுக்கு எளிதில் விளங்காது. ஆகவே அவருக்கு மதிப்பும் குறைவு. ஒருநாள் வகுப்பில் எல்லாரும் எழுதிக்கொண்டிருக்க, இச்சிறுவனின் பேனா மட்டும் ஓடவில்லை. மேற்பார்வை செய்துவந்த குருவானவர் பின்னால் வந்து நின்றார். குனிந்து, முதுகில் மெல்லக் கைவைத்து, உடல்நலமில்லையா என்று பரிவோடு கேட்டார். அவ்வளவுதான். அந்தக் குருவானவரின் மனத்தில் குடிகொண்டிருந்த இறைவனின் அமைதியைத் தாம் உணர்ந்ததாகக் கவிஞர் தம் வாழ்க்கை நினைவுகளில் எழுதிவைத்தார்.

அவர் ஏன் எழுதவில்லை என்று அதட்டியிருக்கலாம். அது அவருடைய அதிகாரத்திற்குட்பட்டதே. அதட்டாமல் விசாரித்தார். அந்தப் பரிவை மறவாத சிறுவன்தான் வளர்ந்து ஒரு பள்ளியை நிறுவினான் என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

வளர்ச்சியின் வழி

சாந்திநிகேதன் ஒரே நாளில் வளர்ந்துவிடவில்லை. 1902இல் வந்து சேர்ந்த சதீஷ் சந்திர ராய் என்ற இளம் ஆசிரியர், 1904இல் பெரியம்மை கண்டு இறந்தார். பள்ளி சிலகாலம் வேறிடத்திற்கு மாற்றப்பட்டது. சாதிப் பாகுபாடும் அங்கே நுழையாமல் இல்லை. தொடக்க ஆண்டுகளில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப் பந்தி இருந்தது. மெல்ல மெல்லவே அது மறைந்தது. 1915 மார்ச்சு 10ஆம் நாள் காந்தியடிகளின் தூண்டுதலால் மாணவர்களே சமையலையும் துப்புரவையும் மேற்கொண்டனர். அந்நாள் அங்கே இன்றும் கொண்டாடப்படுகிறது. தவறு செய்தவனை மாணவர்களே விசாரிக்கும் மன்றமும், சுற்றுப்புறச் சந்தால் சிற்றூர்களுக்குச் சென்று எழுத்தறிவிக்கும் பழக்கமும் பள்ளியில் வேரூன்றின.

1913இல் கவிஞருக்குக் கிடைத்த நோபல் பரிசும் பள்ளிக்குத் துணையாயிற்று. 1921இல் விசுவபாரதி முறைப்படி நிறுவப்பட்டது. 1951இல் அது மத்தியப் பல்கலைக்கழகம் ஆனபோது, முதல் துணைவேந்தராக அமர்ந்தவர் அந்த ஐந்து சிறுவர்களில் ஒருவரான இரதீந்திரநாத். 2023இல் சாந்திநிகேதன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

பெற்றோருக்கு ஒரு சொல்

அந்த முதல் பருவத்தில் பெரிய கட்டடம் இல்லை. பரீட்சைப் புகழ் இல்லை. நகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குச் சென்ற ஒரு தாய் இருந்தார். நேரம் தவறாமல் உழைத்த ஆசிரியர்கள் இருந்தனர். ஒவ்வொரு சிறுவனையும் பெயர் சொல்லி அழைத்துத் தெரிந்துவைத்திருந்தனர். மாணவர் தொகை நூறாக, ஐந்நூறாகப் பெருகும்போது இந்த அறிமுகம்தான் முதலில் குறைந்துபோகிறது.

ஆகவே, அன்புப் பெற்றோரே, அடுத்த முறை பிள்ளையைக் காண விடுதிக்குச் செல்லும்போது மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்துத் திரும்பிவிட வேண்டாம். "உனக்குக் காய்ச்சல் வந்தால் இங்கே யாரிடம் சொல்வாய்?" என்று கேளுங்கள். பிள்ளை தயங்காமல் ஒரு பெயரைச் சொன்னால் நிம்மதியாக வீடு திரும்பலாம். பெயர் சொல்லத் தயங்கினால், விடுதிப் பொறுப்பாளரிடம் அன்போடும் மரியாதையோடும் பேசுங்கள். விடுதிகளில் தொண்டாற்றும் அருட்சகோதரிகளும் குருக்களும் ஆசிரியர்களும் சுமக்கும் பாரம் பெரிது. ஒரு சிறுவனின் பேனா ஓடாமல் நிற்பதைக் கண்டுகொள்ளும் கண்ணை இறைவன் அவர்களுக்குத் தந்தருள நாம் வேண்டுவோமாக.