எழுதிப் பார்த்தால் எட்டிப் பார்க்கும் பிழை

"ரிப்போர்ட்டா? அதைக் கடைசி வாரத்துல பாத்துக்கலாம்டா!"

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தொடங்கும்போது எல்லா பேட்ச்சிலும் கேட்கிற வசனம் இது. ப்ரோகிராம் முடிந்த பிறகுதான் எழுத்து வேலை என்று நினைக்கிறோம். ஆனால் நண்பர்களே, ப்ரோகிராமைத் திருத்துவதற்கே எழுத்து உதவும்!

ஓர் உதாரணம். நூலக ப்ராஜெக்ட்டுக்கு, "14 நாட்களுக்குள் புத்தகத்தைத் திருப்பித் தராவிட்டால் அபராதம்" என்று ஒரு வரி எழுதுங்கள். உடனே பேனா நிற்கும். புத்தகம் எடுத்த நாளும் அந்த 14-இல் சேருமா? கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால்? புத்தகமே தொலைந்துபோனால்? கம்ப்யூட்டர் இதையெல்லாம் கேட்காது. நாம் அடித்ததை அப்படியே ஏற்று ஓட்டிவிடும். சிண்டாக்ஸ் எர்ரரை கம்பைலர் காட்டும். நம் யோசனையில் உள்ள எர்ரரை எழுத்துதான் காட்டும்.

இதைச் செய்து காட்டியவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் கனூத். தன் புத்தகங்களை அழகாக அச்சுக்கோக்க 1977-இல் 'டெக்' என்ற மென்பொருளைத் தொடங்கினார். அதற்கான மேனுவலையும் தானே எழுதினார். வடிவமைப்பு, கோடிங், மேனுவல் எல்லாவற்றிலும் தானே இறங்கியிராவிட்டால் நூற்றுக்கணக்கான முன்னேற்றங்கள் தோன்றியே இருக்காது என்பது அவர் கருத்து. 1978 முதல் செய்த திருத்தங்களையும் நோட்டுப் போட்டுக் குறித்து வந்தார். 1989-இல் அந்தப் பட்டியலை வெளியிட்டபோது அதில் 850-க்கும் மேற்பட்ட பதிவுகள்! சின்ன டைப்பிங் பிழை முதல் அல்காரிதம் பிழை வரை 15 வகையாகப் பிரித்திருந்தார். அவ்வளவு பெரிய மேதையே மறைக்கவில்லை, நமக்கென்ன கூச்சம்?

நாம் செய்ய வேண்டியவை மூன்றுதான்:

1. கோடிங்குக்கு முன்பே மேனுவலின் முதல் பக்கத்தை எழுதுங்கள். விளக்க முடியாத வசதி, இன்னும் யோசிக்கப்படாத வசதி.

2. ஒரு நோட்டில் தேதி, எர்ரர், காரணம், திருத்தம் நான்கையும் அன்றன்றே குறியுங்கள்.

3. மேனுவலை மெக்கானிக்கல் நண்பனிடம் கொடுத்து, ப்ரோகிராமை ஓட்டச் சொல்லுங்கள். வாயைத் திறக்காதீர்கள். அவன் எங்கே முழிக்கிறானோ, அங்கே திருத்தம் தேவை.

வைவாவில் எக்ஸ்டர்னல், "இதை ஏம்பா இப்படிப் பண்ணே?" என்று கேட்டால் அந்த நோட்டு கை கொடுக்கும். சீனியர் ரிப்போர்ட்டைக் காப்பியடித்தவருக்கு அந்தத் துணை கிடையாது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பார்கள். நாமே எழுதிய ஏடு நிச்சயம் உதவும்!