அரைக்கால் அங்குலம்

மேட்டில் ஏறும்போதுதான் அது குணத்தைக் காட்டும். சீட்டைவிட்டு எழுந்து, உடம்பின் கனத்தையெல்லாம் ஒரு மிதியில் போடுவோம். ‘டடக்’கென்று கால் வெறுமையில் இறங்கும், முழங்கால் ஹேண்டில்பாரில் மோதும். அப்பா விட்டுப்போன சைக்கிளில் ஒரு மாதமாக எனக்கு இதே பாடு. ஒரு கடையில் எண்ணெய் விட்டுத் தந்தார்கள். இன்னொரு கடையில் ஒரு கண்ணியை வெட்டி எடுத்துச் செயினை இறுக்கித் தந்தார்கள். நான்காம் நாள் மறுபடியும் ‘டடக்’.

கடைசியில் புதுக்கோட்டையில் வேப்பமரத்தடியில் பெட்டி வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. ஸ்டாண்டு போட்டு, பெடலை மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். “தம்பி, செயின் கழலுதா, பல்லு மேல ஏறிக் குதிக்குதா?” எனக்கு இரண்டும் ஒன்றுதான். அவருக்கு அவை இரண்டு நோய்.

கழன்று விழுந்தால் பெரும்பாலும் தொய்வு. பின்சக்கர நட்டுகளைத் தளர்த்தி, சக்கரம் கோணாமல் பின்னுக்கு இழுத்து முடுக்கினால் சரியாகிவிடும். விரலால் அழுத்தினால் செயின் நடுவில் அரை அங்குலம் ஆட வேண்டும். செயினும் பல்லும் சுற்றியும் சக்கரம் நகராவிட்டால் கோளாறு ஃப்ரீவீலுக்குள். ஒரே கண்ணி வரும்போதெல்லாம் குதித்தால் அது துருவேறி விறைத்திருக்கிறது. மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் விட்டு வளைத்துக் கொடுத்தால் இளகும். இப்படி எதுவும் இல்லாமல் அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் குதித்தால் தேய்மானம்தான்.

பெட்டியிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்தார். 1880இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் காப்புரிமை பெற்ற உருளைச் செயினின் வாரிசுதான் நம் சைக்கிள் செயின். கண்ணிகளைக் கோக்கும் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு அரை அங்குலம். 24 இடைவெளிக்குச் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். “அரைக்கால் அங்குலம் கூடினாலே மாத்திரணும் தம்பி.” என்னுடையது அதையும் தாண்டியிருந்தது. இரும்பு நீளவில்லை, ஒவ்வொரு பின்னும் உரசி உரசித் தேய்ந்ததன் மொத்தக் கணக்கு அது. கண்ணியை வெட்டினால் தொய்வு போகும், தேய்மானம் எங்கே போகும்? ஃப்ரீவீல் பற்களைத் தடவிப் பார்க்கச் சொன்னார். அரிவாள் நுனிபோல ஒரு பக்கமாக வளைந்திருந்தன. அந்தப் பல்லில் புதுச் செயினை மட்டும் போட்டால் இன்னும் மோசமாகக் குதிக்குமாம். இரண்டையும் மாற்றினார். மேடு அடங்கியது.

எனக்குள் ஒன்று மட்டும் அடங்கவில்லை. அவரிடம் தொழில் கற்க ஒரு பையன்கூட இல்லை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறிய மாவட்டம் இது. இன்று பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசே சைக்கிள் கொடுக்கிறது. ஆனால் செயின் குதிக்கத் தொடங்கிய சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே போய்விடுகிறது. பழுது பார்ப்பதைவிடப் புதிது வாங்குவது லாபம் என்பார்கள். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். வாங்கிய புதிதும் தேயுமே, அப்போது அதை யார் அளப்பது?

நான் கிளம்பும்போது, சீருடையில் ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். செயின் கழன்று தொங்கியது. பெரியவர் எழுந்திருக்கவில்லை. “பின்பல்லுல முதல்ல மாட்டு பாப்பா. அப்புறம் முன்பல்லு அடியில கோத்துப் பெடலைப் பின்னால சுத்து.” இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை பிடித்தது.

“எவ்வளவு தாத்தா?”

“மாட்டுனது நீ. எனக்கு எதுக்குக் காசு?”

அந்தப் பாடத்தை மரத்தடியில் மட்டும் விட்டுவைக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்கேலைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். செயினில் 24 இடைவெளியை அதுவே எண்ணி அளக்கட்டும். கையில் மசி ஒட்டினால் ஒட்டட்டும்.