புதுக் கம்ப்யூட்டரில் அழையா விருந்தாளிகள்!



புதுசா குடி போற வீட்டுக்குள்ள நமக்கு முன்னாடியே நாலு பேர் பாய் விரிச்சுப் படுத்திருந்தா எப்படி இருக்கும்? "யாருய்யா நீங்க?" என்று கேட்டால், "வீட்டைக் கட்டினவர்தான் எங்களைத் தங்கச் சொன்னார்" என்று பதில் வந்தால்? கடையிலிருந்து நாம் ஆசையாக வாங்கி வரும் லேப்டாப்பின் கதையும் இதுதான். பெட்டியைப் பிரித்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி கும்பிட்டு ஆன் செய்தால்... நாம் கேட்காத சாஃப்ட்வேர்கள் வரிசையாக எழுந்து நின்று வணக்கம் சொல்கின்றன!

நான் கம்ப்யூட்டர் துறை இறுதியாண்டு மாணவன். என் ஹாஸ்டல் ரூம்மேட் மெக்கானிக்கல். அவனுக்கு அவன் அம்மா சீட்டுப் பணம் எடுத்து ஒரு லேப்டாப் வாங்கித் தந்தார். லீவுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் காட்டினான். அந்த நேரம் பார்த்து மூலையில் சிவப்பாக ஒரு பெட்டி! "உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் உள்ளது, உடனே புதுப்பியுங்கள்" என்று. அம்மா பயந்துவிட்டார். "என்னப்பா, செவப்பா என்னமோ வருது... இன்னும் பணம் கட்டணுமா? சீட்டு தவணையே இன்னும் முடியலையே!"

அந்த வார்த்தை அவனைச் சுட்டுவிட்டது. ஹாஸ்டலுக்கு வந்த அன்று இரவே உட்கார்ந்து, தனக்குப் பெயர் தெரியாத சாஃப்ட்வேரையெல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கி எறிந்தான். மறுநாள் காலையில் ஆட்டோகேட் திறக்கவில்லை. பதறிப்போய் 'ரீசெட்' கொடுத்தான். அதில் 'எல்லாவற்றையும் நீக்கு' என்பதையும் அமுக்கிவிட்டான். மெஷின் திரும்ப எழுந்தபோது அதே சிவப்புப் பெட்டி சிரித்துக்கொண்டு நின்றது. ஆனால் புராஜெக்டுக்காக வரைந்து வைத்திருந்த டிராயிங் ஒன்றுகூட இல்லை. போக வேண்டியது திரும்பி வந்துவிட்டது. இருக்க வேண்டியது போய்விட்டது!

"மாப்ளே, நான் என்னடா தப்பு பண்ணேன்?" என்று கேட்டான். கம்ப்யூட்டர் துறை மாணவனான எனக்கே அப்போது சரியான பதில் தெரியவில்லை. அவன் மறுபடி வரைந்தான்; நான் டீ வாங்கிக் கொடுத்தேன். பதிலைத் தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இந்த மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஏன் வைக்கிறார்கள்?

லேப்டாப் தயாரிப்பில் போட்டி அதிகம், லாபம் குறைவு. எனவே சாஃப்ட்வேர் கம்பெனிகள், "எங்கள் சரக்கை உங்கள் மெஷினில் ஏற்றி விற்றால் பணம் தருகிறோம்" என்று தயாரிப்பாளர்களிடம் ஒப்பந்தம் போடுகின்றன. முதலில் இலவசம், பிறகு சந்தா. அதாவது காசு கொடுத்து வாங்கிய நம் மெஷினில், நம்மையே இன்னொருவருக்கு வாடிக்கையாளராக விற்றுவிடுகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். 2008-ல் சோனி கம்பெனி தன் வயோ லேப்டாப்பின் ஒரு வகைக்கு 'ஃப்ரெஷ் ஸ்டார்ட்' என்று ஒரு வசதி அறிவித்தது. இந்தக் கூடுதல் சாஃப்ட்வேர்கள் இல்லாமல் சுத்தமாகத் தருவதற்குத் தனியாகச் சுமார் 50 டாலர்! குப்பையைக் கொட்டியவரே கூட்டுவதற்கும் கூலி கேட்டால் சும்மா இருப்பார்களா? எதிர்ப்புக் கிளம்பியதும் அந்தக் கட்டணத்தைக் கைவிட்டார்கள்.

வெறும் தொல்லை மட்டும்தானா?

"இருந்துட்டுப் போகட்டுமே, என்ன கெட்டுப்போச்சு?" என்று நினைப்பவர்கள் அடுத்த இரண்டு சம்பவங்களைப் படிக்க வேண்டும்.

நம் மார்க் ஷீட் நகலில் கெஜட்டட் ஆபீசர் முத்திரை இருந்தால்தான் முன்பெல்லாம் நம்பினார்கள் அல்லவா? அதுபோல பேங்க் வெப்சைட் உண்மையானதா என்று பார்க்க, 'சர்ட்டிபிகேட்' என்ற முத்திரையைத்தான் கம்ப்யூட்டர் பார்க்கிறது. யார் யார் முத்திரையை நம்பலாம் என்ற பட்டியல் மெஷினுக்குள்ளேயே இருக்கிறது.

2014-ன் பிற்பகுதியில் லெனோவா விற்ற சில லேப்டாப்களில் 'சூப்பர்ஃபிஷ்' என்ற விளம்பர சாஃப்ட்வேர் இருந்தது. நாம் பார்க்கும் பக்கங்களுக்குள் விளம்பரம் செருகுவது அதன் வேலை. பாதுகாப்பான பக்கங்களுக்குள்ளும் நுழைவதற்காக, அது தன் சொந்த முத்திரையை அந்த நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அதோடு நிற்கவில்லை. முத்திரை குத்தும் ரகசியச் சாவியும் அந்த மெஷினுக்குள்ளேயே இருந்தது. எல்லா மெஷினிலும் ஒரே சாவி! 2015 பிப்ரவரியில் ராபர்ட் கிரஹாம் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் சில மணி நேரத்தில் அந்தச் சாவியின் பாஸ்வேர்டைக் கண்டுபிடித்துவிட்டார். அந்தத் தொழில்நுட்பத்தைச் செய்து கொடுத்த 'கொமோடியா' என்ற கம்பெனியின் பெயர்தான் பாஸ்வேர்ட்! அந்தச் சாவி கையில் இருந்தால், அதே வைஃபையில் உட்கார்ந்திருக்கும் ஒருவன் போலி பேங்க் பக்கத்தைக் காட்டி ஏமாற்ற முடியும். கம்ப்யூட்டரும் "சரிதான்" என்று தலையாட்டும்.

இங்கேதான் நமக்கான பாடம். அந்த சாஃப்ட்வேரை அன்இன்ஸ்டால் செய்தாலும் முத்திரை பட்டியலிலேயே தங்கிவிட்டது! அதையும் நீக்க லெனோவா தனியாக ஒரு கருவி வெளியிட்டது. மைக்ரோசாஃப்ட்டின் டிஃபெண்டரும் அதை நீக்கத் தொடங்கியது. 2017 செப்டம்பரில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையமும் 32 மாநிலங்களும் தொடுத்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. மாநிலங்களுக்கு லெனோவா 35 லட்சம் டாலர் செலுத்தியது.

இரண்டாவது சம்பவம் 2015 நவம்பரில். டெல் லேப்டாப்களில் 'ஈ-டெல்-ரூட்' என்ற சர்ட்டிபிகேட், அதுவும் சாவியோடு இருந்தது தெரியவந்தது. உதவி மையத்தின் வசதிக்காக வைத்தோம் என்றது டெல். இதில் கதை தலைகீழ். சர்ட்டிபிகேட்டை நீக்கினால், உள்ளே இருந்த இன்னொரு புரோகிராம் அதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடும். இரண்டையும் சேர்த்து நீக்கினால்தான் போகும். டெல்லும் பிறகு நீக்கும் வழியை வெளியிட்டது.

ஆக நண்பர்களே, அன்இன்ஸ்டால் பட்டனை அமுக்கியதோடு வேலை முடிவதில்லை. எதை எடுக்கிறோம் என்று தெரிந்து எடுக்க வேண்டும். எடுத்தபின் உண்மையிலேயே போனதா என்று பார்க்க வேண்டும்.

யார் யார் வந்திருக்கிறார்கள்?

விண்டோஸ் 11 மெஷினில் செட்டிங்ஸ் போய், ஆப்ஸ், அதில் இன்ஸ்டால்டு ஆப்ஸ் திறந்து பாருங்கள். நான்கு ஜாதி விருந்தாளிகள் தெரிவார்கள்.

1. சாம்பிள் பேர்வழிகள்: சில வாரங்கள் இலவசமாக இருந்துவிட்டுப் பிறகு பணம் கேட்பவை. ஆன்டிவைரஸ் இதில் முதலிடம். தாராளமாக நீக்கலாம். ஆனால் ஆஃபீஸ் விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். சில லேப்டாப்களின் விலையிலேயே நிரந்தர ஆஃபீஸ் சேர்ந்திருக்கும். பில்லையும் பெட்டியையும் பார்த்து, இருந்தால் முதலில் உங்கள் அக்கவுன்ட்டில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

2. வேடிக்கைப் பேர்வழிகள்: கேம்ஸ், கடை விளம்பரங்கள். ஸ்டார்ட் மெனுவில் தெரியும் சில படங்கள் வெறும் போர்டுதான். அமுக்கினால்தான் சரக்கு டவுன்லோடு ஆகும். அதை அமுக்காமல் ரைட் கிளிக் செய்து எடுத்துவிடுங்கள்.

3. கம்பெனி ஆட்கள்: தயாரிப்பாளரே வைத்தவை. சில உபயோகமானவை. பேட்டரியை 80 சதவீதத்தோடு நிறுத்துவது, பயாஸ் அப்டேட், ஃபேன் வேகம் போன்றவை இவற்றின் கையில் இருக்கலாம். பதிவு செய்யச் சொல்லி நச்சரிப்பவை, விளம்பரம் காட்டுபவை தேவையில்லை.

4. வீட்டுத் தூண்கள்: கிராஃபிக்ஸ், ஆடியோ, சிப்செட், டச்பேட், வைஃபை டிரைவர்கள். 'விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்' என்று வருஷம் போட்டு நாலைந்து வரிசையாக நிற்கும். பார்த்தால் குப்பை மாதிரிதான் தெரியும். ஆனால் ஆட்டோகேட் போன்ற பெரிய சாஃப்ட்வேர்கள் அதன் மேல்தான் நிற்கின்றன. என் ரூம்மேட் உருவியது இந்தத் தூணைத்தான்!

எப்படி நீக்குவது?

முதல் படி: டிராயிங், ரெக்கார்டு, போட்டோ எல்லாவற்றையும் பென் டிரைவிலோ வேறு டிஸ்க்கிலோ காப்பி எடுங்கள். ஆப்ஸ் பட்டியலை மொபைலில் போட்டோ பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட்டில் தேடி 'ரீஸ்டோர் பாயிண்ட்' ஒன்று உருவாக்குங்கள். தப்பு நடந்தால் சிஸ்டத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுபோக அது உதவும். ஆனால் தொலைந்த ஃபைலை அது மீட்டுத் தராது. அதற்குக் காப்பிதான் கதி.

இரண்டாம் படி: உடனே நீக்காதீர்கள். எலக்ட்ரிக்கல் லேபில் வயரைத் தொடும் முன் மெயினை ஆஃப் செய்கிறோமே, அதுபோல. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' பகுதியில், சந்தேகமானதை டிஸேபிள் செய்து ஒரு வாரம் மெஷினை ஓட்டிப் பாருங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் பிறகு நீக்கலாம்.

மூன்றாம் படி: ஒரு நேரத்தில் ஒன்று. நீக்கியதும் ரீஸ்டார்ட் செய்து, சவுண்ட், வைஃபை, டச்பேட், உங்கள் பாட சாஃப்ட்வேர் எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பத்தை ஒரே மூச்சில் நீக்கினால் எது வில்லன் என்று கண்டுபிடிக்க முடியாது. ஆன்டிவைரஸ் மிச்சம் வைத்துப் போனால், அந்தக் கம்பெனியே அதற்கென்று தரும் நீக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள்.

நான்காம் படி: போனதா என்று பாருங்கள். ஆன்டிவைரஸை எடுத்தபின் 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து, டிஃபெண்டர் காவலுக்கு வந்துவிட்டதா என்று உறுதி செய்யுங்கள். விண்டோஸோடு வரும் அது இலவசம்தான், சந்தா கிடையாது. பிறகு பிரவுசரில் புதிய எக்ஸ்டென்ஷன் ஒட்டியிருக்கிறதா, ஸ்டார்ட்அப் பட்டியலில் பழைய பெயர் நிற்கிறதா என்று ஒரு பார்வை.

ஒரு எச்சரிக்கை: "ஒரே கிளிக்கில் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்கிறோம்" என்று வரும் இலவசக் கருவிகளை நம்பி ஏற்றாதீர்கள். திருடனைப் பிடிக்க இன்னொரு முகம் தெரியாதவனை வீட்டுக்குள் விடுவது போலத்தான்!

ரீசெட்டா, புது இன்ஸ்டாலா?

தயாரிப்பாளர்கள் தங்கள் சாஃப்ட்வேர்களின் பிரதியை மெஷினின் ரெக்கவரி பகுதியிலேயே வைத்திருப்பதுண்டு. அதனால்தான் ரீசெட் செய்தபோது ரூம்மேட்டின் சிவப்புப் பெட்டி உயிரோடு வந்தது.

அடியோடு சுத்தம் வேண்டுமானால், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸை இறக்கிப் புதிதாக இன்ஸ்டால் செய்ய வேண்டும். "லைசென்ஸ் போயிடுமே?" என்று பயப்பட வேண்டாம். 2012-ல் விண்டோஸ் 8 வந்த காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் மெஷின்களில் அதன் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே எடிஷனை இன்ஸ்டால் செய்து நெட்டில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். ஆனால் டிஸ்க்கில் உள்ளதெல்லாம் அழியும். ஆகவே காப்பி, வைஃபை டிரைவர், டிஸ்க் என்கிரிப்ஷனின் ரெக்கவரி கீ, இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். முதல் தடவை என்றால் தெரிந்த சீனியர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது நல்லது.

ரூம்மேட்டின் மெஷினை இந்த முறையில்தான் இருவருமாகச் சரி செய்தோம். அடுத்த லீவுக்கு அவன் ஊருக்குப் போனபோது அம்மா முதலில் கேட்டது, "அந்தச் செவப்பு இன்னும் வருதாப்பா?" என்றுதானாம். "இல்லம்மா, அது வேணாத ஆளு, அனுப்பிட்டேன். காசு ஒண்ணும் கட்ட வேணாம்" என்றானாம்.

நண்பர்களே, பயமுறுத்தும் பெட்டியைப் பார்த்துப் பணம் கட்டவும் வேண்டாம்; கோபத்தில் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் பிடுங்கவும் வேண்டாம். வீட்டில் பெற்றோர் வியர்வை சிந்தி வாங்கிக் கொடுத்த மெஷின் அது. அதற்குள் யார் இருக்கலாம், யார் இருக்கக் கூடாது என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் நாம்தான்!