ஊறவையாமல், புளிக்கவையாமல் ஓர் இட்டலி

இட்டலி என்றதும் நம் தாய்மார்களுக்கு நினைவில் எழுவது முதல் நாள் வேலைதான். அரிசியையும் உளுந்தையும் நான்கைந்து மணி நேரம் ஊறவைத்தல் வேண்டும், அரைத்தல் வேண்டும், உப்பிட்டுக் கலந்து இரவு முழுவதும் புளிக்கவிடுதல் வேண்டும். பொழுது புலருமுன்னே பெரட்டுக்குச் செல்லும் தாய், முந்திய மாலையில் அசதியால் இவற்றுள் ஒன்றைத் தவறவிட்டால் மறுநாள் இட்டலி இல்லை. காலைக் கூட்டத்தில் முகம் வாடி நிற்கும் பிள்ளையை அழைத்து, "பசியாறினாயா?" என்று வினவினால், அது தலையைக் குனிந்துகொள்வதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். ஒரு குவளைத் தேநீரே அதன் காலை உணவாக இருக்கும். ஓய்வு மணி அடிக்கும்வரை அப்பிள்ளையின் காதில் வாய்பாடு ஏறுமா?

அரை மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலான பொழுதில் ஆகும் இட்டலி ஒன்று உண்டு. அதுவே ரவை இட்டலி. இதனைச் 'சோம்பேறி இட்டலி' என்று எள்ளுவாரும் உளர். இது பிறந்த கதையை அறிந்தால் அவ்வாறு எள்ளமாட்டார்.

பெங்களூரில் லால்பாக் பூங்காவிற்கு அருகே மாவள்ளி டிபன் ரூம்ஸ் என்னும் பழைமையான உணவகம் இருக்கிறது. மையா குடும்பத்துச் சகோதரர்கள் 1924ஆம் ஆண்டில் தொடங்கியது அது. இரண்டாம் உலகப் போரில், 1942 மார்ச் மாதம், ஜப்பானியப் படை இரங்கூனைக் கைப்பற்றியது. பர்மாவிலிருந்து தென்னிந்தியாவிற்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. இட்டலிக்கு அரிசி கிடைக்காத அந்நாளில், கோதுமை ரவையைக் கொண்டு இட்டலி அவித்துப் பார்த்ததாகவும், அதுவே ரவை இட்டலியின் தோற்றம் என்றும் அவ்வுணவகத்தார் கூறுவர்.

பர்மா அரிசியையும் சயாம் அரிசியையும் நம்பியே அக்கால மலாயாத் தோட்டங்களும் உலை வைத்தன. கப்பல் நின்றதும் இங்கேயும் அரிசிப் பானை வெறுமையாயிற்று. லயத்திற்குப் பின்புறம் கொத்தி நட்ட மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. அதுவே பலகாரமும் ஆயிற்று. தோட்டத்து ஆடவர் பலர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், பல்லாயிரவர் திரும்பவில்லை. அக்காலத்தைக் கடந்துவந்த முதியோர் சிலர், பின்னாளில் மரவள்ளிக்கிழங்கைத் தொடவும் விரும்பாதிருந்ததை நம் வயதினர் கண்டிருப்பர். ஒரே போர், ஒரே தட்டுப்பாடு. அங்கே ரவையாவது கிடைத்தது.

"புளிக்காத மாவில் அவித்தது இட்டலியாகுமா?" என்று கேட்கும் பாட்டிமாருக்கும் ஒரு செய்தி உண்டு. கன்னட மொழியில் 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'வட்டாராதனை' என்னும் நூலில் 'இட்டலிகே' என்ற பெயர் காணப்படுகிறது. சுமார் 1025இல் இரண்டாம் சாவுண்டராயர் எழுதிய நூலில் உளுந்தை மோரில் ஊறவைத்து அரைக்கும் முறை கூறப்படுகிறது. அவற்றில் அரிசி இல்லை. அரிசியும் நெடுநேரப் புளிப்பும் பின்னரே வந்து சேர்ந்தன என்பது உணவு வரலாற்று அறிஞர் கே. டி. அச்சயா அவர்களின் கருத்து. ஆகவே புளிக்காத இட்டலி நம் மரபிற்குப் புறம்பானதன்று. புட்டும் இடியப்பமும் புளித்தா வேகின்றன? இடியப்பத்தை மலாய் அன்பர்கள் 'புத்து மாயாம்' என்று பெயரிட்டுத் தமதாகவே ஆக்கிக்கொண்டனர்.

மாணவர்களே, இட்டலி ஏன் பஞ்சுபோல் உப்புகிறது என்பதை இனிக் காண்போம். அரைத்த மாவில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை மாவிலுள்ள சர்க்கரையை உண்டு, கரியமில வாயுவையும் லாக்டிக் அமிலத்தையும் வெளிவிடுகின்றன. அமிலத்தால் புளிப்பு உண்டாகிறது. வாயுவால் மாவு பொங்குகிறது. உளுந்தின் கொழகொழப்பு அவ்வாயுவை வெளியேற விடாமல் பிடித்து வைக்கிறது. நம் ஜொகூரின் வெப்பத்தில் இவ்வேலை விரைவாகவே நடக்கும். சில நாள்களில் விடியுமுன் மாவு பானையைத் தாண்டி வழிந்து, அளவிற்கு மேல் புளித்தும் விடும்.

ரவை இட்டலியில் இதே வாயுவை நுண்ணுயிரின் துணையின்றி நொடியில் பெறுகிறோம். ஒரு கரண்டித் தயிரில் ஒரு சிட்டிகைச் சமையல் சோடாவைத் தூவிப் பாருங்கள். நுரைத்துப் பொங்கும். தயிரிலுள்ள அமிலமும் சோடாவும் கூடும்போது எழும் அந்நுரையில் இருப்பதும் கரியமில வாயுவே. நுரை எழாவிட்டால் சோடா பழையதாகிவிட்டது என்று அறியலாம்.

ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. நுண்ணுயிர் இரவெல்லாம் வேலை செய்யும். சோடாவின் வேகம் சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஆதலால் நீர் கொதித்து ஆவி எழுந்த பின்னரே சோடாவைக் கலத்தல் வேண்டும். கலந்தவுடன் தட்டில் ஊற்றி மூடிவிடுதல் வேண்டும். "ரவை இட்டலி கல்லாகிவிட்டது" என்று வருந்துவோரிற் பெரும்பாலார் தவறவிடுவது இதைத்தான். இரண்டு ஈடு அவிப்பதானால், முதல் ஈட்டிற்குரிய மாவில் மட்டும் சோடாவைச் சேர்த்து, மற்றதை அப்படியே வைத்திருக்க வேண்டும்.

செய்முறை எளிது. சூஜி என்று கடைகளில் விற்கும் ரவையில் ஒரு குவளை எடுத்து, சிறிது எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, இஞ்சி, பச்சைமிளகாய் தாளித்து, அதனோடு சிறு தீயில் ஐந்து நிமிடம் மணம் வரும்வரை வறுக்கவும். வறுக்காத ரவை பசைபோல் ஒட்டிக்கொள்ளும். ஆறிய பின் ஒரு குவளைத் தயிரும் உப்பும் சேர்த்து, ஏறத்தாழ அரைக் குவளை நீர் விட்டுக் கலந்து, கால் மணி நேரம் வைக்கவும். ரவை நீரை உறிஞ்சி இறுகியிருக்கும். இட்டலி மாவின் பதத்திற்கு வரும்வரை மேலும் சிறிது நீர் விடலாம். துருவிய காரட்டைச் சேர்த்தால் பிள்ளைகள் விரும்பி உண்பர். இறுதியில் கால் தேக்கரண்டி சமையல் சோடாவைக் கலந்து, எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி, பத்துப் பன்னிரண்டு நிமிடம் அவிக்கவும். இறக்கியதும் இரண்டு நிமிடம் ஆறவிட்டு எடுத்தால் உடையாமல் வரும். இட்டலிச் சட்டி இல்லாத வீட்டில் சிறு கிண்ணங்களில் ஊற்றி, மூடிய பானைக்குள் அவிக்கலாம். ஆவி கையைச் சுட்டுவிடும். மூடியைத் திறக்கும் வேலை பெரியவர்களுடையது.

சோடா மிகுந்தால் நிறம் மஞ்சளாகும். சோப்பின் சுவை தட்டும். துணி துவைக்கும் சலவைச் சோடாவோ உண்ணத்தக்கதே அன்று. இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்கும் வழக்கத்தை உடனே விடுங்கள்.

சத்தில் உளுந்து இட்டலிக்கு இது ஈடாகாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். உளுந்தின் புரதம் இதில் இல்லை. புளிக்கும்போது பெருகும் வைட்டமின்களும் இல்லை. சோடாவோ 'பி1' வைட்டமினைச் சிறிது அழிக்கவும் செய்யும். ஆகவே பருப்புச் சாம்பாரோ கடலைச் சட்டினியோ உடன் இருத்தல் நன்று. உளுந்து இட்டலியை ஓய்வு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வேலை நாளுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஓய்வு நாளில் ஒரு வாரத்திற்கு வேண்டிய ரவையைத் தாளிக்காமல் வெறுமனே வறுத்து, நன்கு ஆறவைத்துத் தகர டப்பாவில் இறுக மூடிவைத்தால், வேலை நாள் காலையில் தயிரும் நீரும் சேர்ப்பதே மிச்சம். தாய் பெரட்டுக்குப் புறப்படுமுன் கலந்துவைத்துச் சென்றாலும், பாட்டியோ பெரிய அக்காளோ சோடாவைச் சேர்த்து அவித்துவிடலாம்.