நீர்வழி – 9: மூத்திரப்பைக்கும் காது உண்டு

போன வாரம் சிறுநீர்க் கசிவின் வகைகளைப் பார்த்தோம். இருமினால் ஒழுகுவது ஒன்று. பாத்ரூமை எட்டுவதற்குள் ஒழுகுவது இன்னொன்று. மூத்திரப்பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக்ஸ் பரிசோதனையின் அறிக்கையில் ஓடும் கோடுகளை இந்த வாரம் படிப்பதாகச் சொல்லியிருந்தேன். அந்த அறிக்கை கைக்கு வருமுன் மனிதர்கள் படும் பாடு என்னைப் பிடித்துக்கொண்டது.

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இந்தச் சோதனையை எழுதிக் கொடுத்தால், பலர் மதுரைக்குத்தான் கிளம்புகிறார்கள். இராஜபாளையத்திலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல். வழியில் முட்டிவிடுமோ என்று முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. சோதனைக்கோ மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். பக்கத்துச் சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யும் பேண்டேஜ் துணி எத்தனையோ ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. அந்தத் தறியருகே ஷிப்டு முடியும்வரை அடக்கிக்கொண்டு நிற்கும் பெண், தனக்கென்று ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும்போது முதலில் கேட்பது வலிக்குமா என்றல்ல, "உள்ளே ஆம்பளைங்க இருப்பாங்களாக்கா?" என்றுதான்.

அந்தக் கேள்வியை வெறும் கூச்சம் என்று ஒதுக்க முடியாது. காரணம் 1882-இல் இருக்கிறது.

இத்தாலியின் டூரின் நகரில் ஏஞ்செலோ மோஸ்ஸோ என்ற உடலியல் அறிஞர், பெல்லக்கானி என்பவருடன் சேர்ந்து, சில பெண்களின் மூத்திரப்பைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, அதன் மறுமுனையை அளவுக் கருவியில் இணைத்தார். கையை லேசாகத் தொட்டால் மூத்திரப்பை சுருங்கியது. பேச்சுக் கொடுத்தால் சுருங்கியது. மனக்கணக்குப் போடச் சொன்னாலும் சுருங்கியது. வயிற்றுத் தசையின் அழுத்தத்தால் வந்ததல்ல, மூத்திரப்பை தானாகவே சுருங்கியது என்பதையும் அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். உணர்ச்சியைக் காட்டிக்கொடுப்பதில் கண்ணின் கருவிழிப்படலத்துக்கு நிகரான உறுப்பு இது என்பது அவர்களின் முடிவு. இதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. நாம் வாய்விட்டுச் சொல்லாத பயத்தை மூத்திரப்பை கேட்டுவிடுகிறது!

மோஸ்ஸோவைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தலையில் அடிபட்டு மண்டையோடு திறந்துபோன பெர்த்தினோ என்ற விவசாயியின் மூளைத் துடிப்பை அவர் பதிவுசெய்துகொண்டிருந்தார். மாதா கோயில் மணி அடித்தது, துடிப்பு ஏறியது. ஜெபம் ஞாபகம் வந்ததா என்று கேட்டார். ஆமாம் என்றார் பெர்த்தினோ. கோயில் மணி கேட்டதும் கை தானாகக் கன்னத்துக்குப் போகும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1884-இல் பயத்தைப் பற்றியே தனிப் புத்தகம் எழுதியவர் மோஸ்ஸோ.

சரி, சோதனைக்கு வருகிறேன். முதலில், அளவுக் கருவி பொருத்திய இருக்கையில் வழக்கம்போல் சிறுநீர் கழிக்க வேண்டும். பிறகு மரத்துப்போகச் செய்யும் ஜெல் தடவி, சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாயை மூத்திரப்பைக்குள் செலுத்துவார்கள். இன்னொரு குழாய் ஆசனவாய்க்குள். பலர் கலங்கிப்போவது இந்த இரண்டாவது குழாயைப் பார்த்துத்தான். அது எதற்கென்று யாரும் சொல்வதில்லை. இருமினால் வயிற்றின் அழுத்தம் மூத்திரப்பைக்குள்ளும் ஏறும். அந்த வயிற்றழுத்தத்தை அளந்து கழித்தால்தான் மூத்திரப்பைத் தசையின் சொந்த அழுத்தம் தெரியும். மோஸ்ஸோ பிரித்த அதே இரண்டைத்தான் இன்றைய கருவியும் பிரிக்கிறது. பிறகு உப்புநீரை மெல்ல நிரப்பி, எப்போது முட்டுகிறது என்று கேட்பார்கள், இருமச் சொல்வார்கள், கடைசியில் குழாயோடு கழிக்கச் சொல்வார்கள்.

அங்கேதான் பலருக்கு வராமல் போகிறது. 1976-இல் அமெரிக்காவில் மிடில்மிஸ்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் பொதுக் கழிப்பறையில் 60 ஆண்களைக் கவனித்தார்கள். தனியாக நின்றால் சராசரியாக 4.9 நொடியில் தொடங்கியது, ஒட்டி ஓர் ஆள் நின்றால் 8.4 நொடி ஆனது. உடுத்தியிருக்கும் ஆண்களுக்கே இப்படியென்றால், குழாய்களோடு அந்நியர் முன் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு எப்படி இருக்கும்? வீட்டில் நன்றாகப் போகிறவருக்குச் சோதனை அறையில் மட்டும் வராமல் போவதை மருத்துவ உலகம் தனியே குறித்து வைத்திருக்கிறது. அதை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்டக் கூடாது.

ஆகவே கதவை மூடுவதும், திரை போடுவதும், தொடுமுன் சொல்லிவிட்டுத் தொடுவதும் உபசாரம் அல்ல, பரிசோதனையின் பாகம். பயந்த உடம்பில் எடுத்த அளவு தப்பாகப் போகலாம். சிஸ்டர்களே, டாக்டர்களே, இரண்டாவது குழாய் எதற்கென்று ஒரு வரி சொல்லுங்கள். அறையில் தேவையில்லாதவர்களை வெளியே அனுப்புங்கள்.

வாசகர்களுக்கு: பெண் ஊழியர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். மதுரையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தண்ணீர் குடியுங்கள். வீட்டில் எப்படிப் போகிறது என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சோதனைக்குப் பிறகு ஓரிரு நாள் கடுப்பு இருக்கலாம். காய்ச்சல், ரத்தக்கட்டி, நீர் பிரியாமை என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முன்பே பயந்த அளவுக்கு வலிக்கவில்லை என்றே செய்துகொண்டவர்களில் பலர் சொல்கிறார்கள். எழுதிக் கொடுத்த சோதனையைப் பயந்து விட்டுவிடாதீர்கள். அறிக்கை கையில் இருப்பவர்கள் பத்திரமாக வைத்திருங்கள். அந்தக் கோடுகளை அடுத்த வாரம் படிப்போம்.