கிணற்று உவரும் ஓர் இலத்திரனின் இடமாற்றமும்

வடக்கே யாழ்ப்பாணக் கடல்நீரேரியையும் மேற்கே கடலையும் எல்லைகளாகக் கொண்ட பூநகரியில் நன்னீர் என்பது எக்காலத்திலும் அருமையான பொருளாகவே இருந்து வந்துள்ளது. மொட்டைக்கறுப்பன் நெல்லுக்குப் பேர்பெற்ற இம்மண்ணின் கரையோரக் கிணறுகளிலும் வயல்களிலும் உவர் ஏறுவது, அங்கு வாழும் தமிழ், முஸ்லிம் குடும்பங்களை ஒருங்கே வருத்தும் பிரச்சினையாகும். கொதிக்க வைத்தால் உப்பு நீங்கிவிடாதா என்று கேட்போர் உளர். நீங்காது. அதற்கான காரணம் அணுவுக்குள் இருக்கின்றது.

அணுவின் மையத்தில் கரு உள்ளது. அதனுள் நேரேற்றம் கொண்ட புரோத்தன்களும் ஏற்றமற்ற நியூத்திரன்களும் அடங்கியுள்ளன. மறையேற்றம் கொண்ட இலத்திரன்கள் கருவுக்கு வெளியே காணப்படுகின்றன. இவற்றை 1897 இல் ஜே.ஜே. தொம்சன் கண்டறிந்தார். அவை குறித்த சக்தி மட்டங்களில் அமைந்திருப்பதை 1913 இல் நீல்ஸ் போர் விளக்கினார். சூரியனைக் கோள்கள் சுற்றுவதுபோல் இலத்திரன்கள் நிலையான பாதையில் ஓடுவதில்லை. கருவைச் சூழ்ந்த முகில் போன்ற ஒரு பிரதேசத்தில் அவை காணப்படலாம் என்பதே பின்னர் தெளிவான உண்மையாகும்.

புரோத்தன்களும் இலத்திரன்களும் எண்ணிக்கையில் சமமாக இருக்கும்வரை அணு நடுநிலையில் இருக்கும். இரசாயனத் தாக்கங்களில் கரு மாறுவதில்லை. வெளி மட்டத்து இலத்திரன்களே இடம் மாறுகின்றன. ஓர் இலத்திரனை இழந்த அணு நேரேற்றத்தையும், பெற்ற அணு மறையேற்றத்தையும் அடைகின்றது. இவ்வாறு ஏற்றம் பெற்றவையே அயன்கள்.

சோடியத்தின் 11 இலத்திரன்கள் 2, 8, 1 என அமைந்துள்ளன. குளோரினின் 17 இலத்திரன்கள் 2, 8, 7 என அமைந்துள்ளன. சோடியம் தனது கடைசி இலத்திரனைக் குளோரினுக்குக் கொடுக்க, இரண்டும் எதிரெதிர் ஏற்றம் பெற்று ஒன்றையொன்று கவர்கின்றன. நாம் சமையலில் சேர்க்கும் உப்பு இதுவேயாகும்.

நீரில் கரைந்ததும் இவ்வயன்கள் பிரிகின்றன. நீர் மூலக்கூறுகள் ஒவ்வோர் அயனையும் சூழ்ந்து பற்றிக்கொள்கின்றன. கொதிக்கும்போது நீர் மட்டுமே ஆவியாகின்றது. அயன்கள் எஞ்சுவதால் உவர் முன்னரிலும் கூடுகின்றது. கொதிக்க வைப்பது கிருமிகளைக் கொல்லுமேயன்றி உப்பை அகற்றாது. துணியாலோ மணலாலோ வடித்தாலும் பயனில்லை. நுண்ணிய மென்சவ்வினூடாக நீரை அழுத்திச் செலுத்தும் இயந்திரங்கள் உப்பைப் பிரிக்கும். ஆனால் அவற்றுக்கு மின்சாரமும் பராமரிப்பும் பெரும் செலவும் வேண்டும்.

ஏற்றமுள்ள அயன்களே நீரில் மின்னைக் கடத்துகின்றன. ஆகவேதான் கடத்துதிறன் மானியைக் கிணற்று நீரில் இட்டு உவரின் அளவைச் சில நிமிடங்களில் மதிப்பிட முடிகின்றது.

வயலிலும் இதே கதைதான். களித்துணிக்கைகளின் மேற்பரப்பு மறையேற்றம் கொண்டது. சோடியம் அயன்கள் அதில் மிகுதியாக ஒட்டினால் களி சிதறி, மண் இறுகி, நீர் கீழிறங்காது. இரண்டு இலத்திரன்களை இழந்த கல்சியம் அயன் களியுடன் மேலும் வலுவாகப் பிணைவதால் சோடியத்தை அகற்ற வல்லது. சோடியம் மிகுந்த மண்ணுக்கு ஜிப்சம் இடப்படுவது இதனாலேயே. எனினும் விடுபட்ட சோடியத்தைக் கழுவி வெளியேற்ற மழைநீரும் வடிகாலும் இன்றியமையாதவை.

கரையோர நிலத்தடியில் நன்னீர், அடர்த்தி கூடிய கடல்நீரின்மேல் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் தாழ்ந்தால், கீழே உவர்நீர் ஏறத்தாழ 40 மீற்றர் மேலெழக்கூடும் என்பது பொதுக் கணக்கு. அளவு மீறிப் பம்பியால் இறைப்பதன் ஆபத்து இதுவாகும்.

இடம் மாறிய இலத்திரனை அடுப்பினால் மீட்க இயலாது. எனவே உவரை வரவிடாது காப்பதே அறிவுடைமை. குளங்களைத் தூர்வாருதல், உவர்நீர்த் தடுப்பணைகளைப் பேணுதல், கோடையின் இறுதியில் கிணறுகளைப் பரிசோதித்தல் ஆகியன மாரி மழைக்கு முன்னரே செய்யப்பட வேண்டிய பணிகளாகும்.