டிரைவருக்குச் சம்பளம் கிடையாது... ஆனாலும் ரயில் ஓடுகிறது!

லீவு கிடைத்தால் நாம் ரயிலேறி ஊருக்குப் போவோம். லீவு கிடைத்தால் ரயில் ஓட்டவே கிளம்பிப் போகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். கரி அள்ளிப்போட்டு, முகமெல்லாம் புகை படிந்து, கையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு சாயங்காலம் வீடு திரும்புவார்கள். இதற்குச் சம்பளம்? ஒரு பைசா கிடையாது!

பிரிட்டனின் மேற்குப் பகுதியில் இருக்கும் வேல்ஸ் நாட்டில், கடலோரம் டவின் என்று ஒரு சிறு ஊர். அங்கிருந்து மலைப் பள்ளத்தாக்குக்குள் சுமார் 12 கிலோமீட்டர் போகிறது டாலிலின் ரயில்வே. நிரந்தரச் சம்பளக்காரர்கள் சிலர்தான். மற்றபடி டிரைவர், ஃபயர்மேன், கார்டு, டிக்கெட் கொடுப்பவர், தண்டவாளம் சரிபார்ப்பவர் எனப் பெரும்பாலானோர் தன்னார்வலர்கள். தன்னார்வலர்கள் கையில் எடுத்து, மூடாமல் காப்பாற்றிய உலகின் முதல் ரயில்வே இதுதான். 1951-ல் தொடங்கிய அந்த வேலை இன்றைக்கும் நடக்கிறது.

சிலேட்டு சுமந்த பாதை

நம் தாத்தா, பாட்டிகள் பள்ளிக்கூடத்தில் எழுதினார்களே சிலேட்டு... அந்தக் கல்லுக்காகத்தான் இந்தப் பாதையே போடப்பட்டது. வேல்ஸ் மலைகளில் சிலேட்டுக் கல் ஏராளம். அதை மெல்லிய தகடுகளாகப் பிளந்து வீட்டுக் கூரைக்கு ஓடாகப் போடுவார்கள். பிரின் எக்லுயிஸ் என்ற குவாரியில் வெட்டிய கல்லைக் கீழே கொண்டுவர 1865-ல் இந்த ரயில் பாதை வந்தது.

தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி வெறும் 686 மில்லிமீட்டர். நம் ஊட்டி ரயிலின் பாதை 1,000 மில்லிமீட்டர் அகலம். அதைவிடவும் இது குட்டி! 1864-ல் செய்த 'டாலிலின்', 1866-ல் செய்த 'டோல்கோக்' என இரண்டே இன்ஜின்கள். எண்பது வருடங்களுக்கும் மேலாக இந்த ரயில்வே அந்த இரண்டை மட்டுமே நம்பி ஓடியது.

1911-ல் அந்தப் பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் சர் ஹென்றி ஹெய்டன் ஜோன்ஸ் குவாரியையும் ரயிலையும் சேர்த்து வாங்கினார். 1946 டிசம்பர் 26 அன்று குவாரிக்குள் பாறை சரிந்தது. குவாரியை மூடிவிட்டார்கள். சுமக்கக் கல்லே இல்லாத ரயிலை யார் ஓட்டுவார்கள்? ஆனால், தான் உயிரோடு இருக்கும்வரை ரயில் ஓடும் என்று சொல்லியிருந்தார் ஜோன்ஸ். நஷ்டத்திலும் ஓட்டினார்.

1948-ல் பிரிட்டன் அரசு நாட்டின் ரயில்வேக்களை எல்லாம் தேசியமயமாக்கியது. அந்தப் பட்டியலில் இந்தக் குட்டி ரயில் இடம்பெறவில்லை. அதுவும் ஒரு வகையில் அதிர்ஷ்டம்தான். பக்கத்திலேயே இருந்த காரிஸ் ரயில்வே அரசிடம் போனது. அதே 1948-ல் மூடப்பட்டது!

ஓட்டலில் கூடிய பைத்தியக்காரர்கள்

1950 ஜூலையில் ஜோன்ஸ் காலமானார். அந்த சீசன் முடியும்வரை மட்டும் ரயில் ஓடும், பிறகு தண்டவாளம் பழைய இரும்பு விலைக்குப் போகும் என்பதுதான் நிலைமை.

அப்போது வந்தவர் டாம் ரோல்ட். இளமையில் இன்ஜின் தொழிற்சாலையில் அப்ரண்டிஸாக இருந்தவர், எழுத்தாளர். கைவிடப்பட்ட பிரிட்டன் கால்வாய்களைக் காப்பாற்ற ஏற்கெனவே ஒரு சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். 1950 அக்டோபர் 11 அன்று பர்மிங்ஹாம் நகரத்து ஓட்டல் ஒன்றில் கூட்டம் போட்டார்கள். 'சம்பளம் இல்லாமல், நன்கொடை வசூலித்து, நாமே இந்த ரயிலை ஓட்டினால் என்ன?' என்பதுதான் கேள்வி.

இன்று கேட்டால் நல்ல யோசனையாகத் தெரிகிறது. அன்றைக்கு உலகத்தில் எங்குமே இப்படி நடந்ததில்லை. ரயில் ஓட்டுவது என்ன தெருவில் கோலி விளையாடுவதா? ஆட்கள் உயிரோடு ஏறி உட்காரும் வண்டியாயிற்றே! ஆனாலும் கூட்டத்துக்கு வந்தவர்கள் சங்கம் அமைத்தார்கள். ஜோன்ஸின் மனைவியும் ரயில்வேயை அவர்கள் கையில் ஒப்படைக்கச் சம்மதித்தார்.

புல்தான் தண்டவாளத்தைப் பிடித்திருந்தது!

1951 மே 14. புதிய நிர்வாகத்தின் முதல் ரயில் கிளம்பியது. முழுப் பாதையிலும் அல்ல, கொஞ்ச தூரம் மட்டும். ஏனென்றால் பாதையின் நிலைமை அப்படி. ஸ்லீப்பர் கட்டைகள் பல இடங்களில் மக்கிப்போயிருந்தன. தண்டவாளத்தைப் பல இடங்களில் பிடித்து வைத்திருந்தது ஆணியல்ல, சுற்றிலும் வளர்ந்திருந்த புல்லும் மண்ணும்தான்!

இரண்டு இன்ஜின்களில் 'டாலிலின்' ஓடும் நிலையிலேயே இல்லை. எண்பத்தைந்து வயது 'டோல்கோக்' மட்டும் எல்லாச் சுமையையும் இழுத்தது. அது நின்றால் ரயில்வேயே நின்றுவிடும்.

கைகொடுத்தது மூடப்பட்ட அந்தப் பக்கத்து ரயில்வே. காரிஸ் பாதையின் அகலமும் இதே 686 மில்லிமீட்டர். அங்கே ஓட்டம் நின்றுபோன இரண்டு இன்ஜின்கள் இருந்தன. இரண்டும் சேர்த்து விலை 50 பவுண்ட்! ஒன்றுக்கு 'சர் ஹெய்டன்' என்றும், இன்னொன்றுக்கு ரயில்வேயின் பழைய மேனேஜர் 'எட்வர்ட் தாமஸ்' பெயரையும் வைத்தார்கள்.

'சர் ஹெய்டன்' வந்த வேகத்தில் தண்டவாளத்திலிருந்து இறங்கியது. மேலே ஏற்றினால் மறுபடி இறங்கியது. கட்டைகள் மக்கியதால் தண்டவாளங்கள் விலகி இடைவெளி அதிகமாகியிருந்தது. இந்த இன்ஜினின் சக்கரப் பட்டையோ அகலம் குறைவு. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் சக்கரம் 'பொத்'தென்று விழுந்துவிடும்! பாதையைச் சரிசெய்தால்தான் இன்ஜின் ஓடும் என்று புரிந்தது. 'எட்வர்ட் தாம'ஸை லீட்ஸ் நகரத்து ஹன்ஸ்லெட் இன்ஜின் கம்பெனி இலவசமாகவே பழுதுபார்த்துக் கொடுத்தது.

வாரக் கடைசியில் நகரங்களிலிருந்து வந்தவர்கள் கட்டை மாற்றினார்கள், புதர் வெட்டினார்கள், ஜல்லி கொட்டினார்கள். ரயில் ஓட்ட ஆசைப்பட்டு வந்தவர்களுக்கு முதலில் கிடைத்தது கடப்பாரைதான்!

குழந்தைகளுக்குத் தெரிந்த ரயில்

'தாமஸ்' என்ற நீலநிற இன்ஜின் கார்ட்டூன் பார்க்காத குழந்தை குறைவு. அந்தக் கதைகளை எழுதிய பாதிரியார் வில்பர்ட் ஆட்ரி, 1952-ல் இதே ரயில்வேயில் தன்னார்வ கார்டாக வேலை பார்த்தவர். ஒருநாள் தேநீர், பலகாரம் விற்கும் பெண்மணி ஏறுவதற்கு முன்பே ரயிலைக் கிளப்பிவிட்டார். அந்தச் சம்பவமும் பிறகு கதையானது! அவர் கதையில் வரும் 'ஸ்கார்லோயி', 'ரெனியஸ்' என்ற இரண்டு குட்டி இன்ஜின்கள் வேறு யாருமல்ல... 'டாலிலி'னும் 'டோல்கோ'க்கும்தான். டவின் ஸ்டேஷனில் இருக்கும் அருங்காட்சியகத்தில் ஆட்ரியின் எழுத்து அறையை அப்படியே அமைத்து வைத்திருக்கிறார்கள்.

விடியும் முன்னே தொடங்கும் வேலை

நீராவி இன்ஜினுக்குச் சாவி கிடையாது. திருகியவுடன் கிளம்பாது. சின்ன இன்ஜினாக இருந்தாலும் நீராவி சேர மூன்று மணி நேரமாவது வேண்டும். பெரிய இன்ஜின் என்றால் முதல் நாளே பற்ற வைக்க வேண்டும்.

முதலில் நேற்றைய சாம்பலை வாரிக் கொட்ட வேண்டும். பாய்லருக்குள் போகும் குழாய்களில் படிந்த கரியைத் தள்ள வேண்டும். தண்ணீர் மட்டம் பார்த்த பிறகே நெருப்பு. விறகும் எண்ணெய் நனைத்த துணியும் போட்டுப் பற்றவைத்து, மெதுவாகக் கரி சேர்ப்பார்கள். அவசரப்படக் கூடாது. கனத்த இரும்பு ஒரு பக்கம் சீக்கிரம் சூடாகி, இன்னொரு பக்கம் குளிர்ந்திருந்தால் விரிசல் விடும். நெருப்பு தன் வேலையைப் பார்க்கும் நேரத்தில், அசையும் ஒவ்வொரு பாகத்துக்கும் எண்ணெய் விட வேண்டும்.

ஓடத் தொடங்கிய பிறகு ஃபயர்மேனின் கண் இரண்டே இடத்தில்தான் இருக்கும். ஒன்று, நெருப்பு. மற்றொன்று, பாய்லரின் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய். நெருப்புப் பெட்டியின் மேல்தகடு எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியே இருக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் தகடு அளவுக்கு மீறிச் சூடாகி வலுவிழக்கும், பாய்லரே வெடிக்கலாம். அதனால் அந்தத் தகட்டில் ஈயம் நிரப்பிய ஒரு திருகு வைத்திருப்பார்கள். சூடு மீறினால் ஈயம் உருகி, அந்த ஓட்டை வழியே நீராவி நெருப்பின் மேல் பீய்ச்சும். ஆபத்தை அது கத்திச் சொல்லிவிடும்.

தன்னார்வலர் என்பதற்காக இதில் சலுகை இல்லை. வந்தவுடன் யாரும் டிரைவர் ஆக முடியாது. முதல் வேலை துடைப்பதும் கழுவுவதும். அப்படித் துடைக்கும்போதுதான் எந்த ஆணி தளர்ந்திருக்கிறது, எங்கே விரிசல் என்று கண்ணுக்குப் பழகும். பிறகு ஃபயர்மேன் தேர்வு. வருடங்கள் கழித்து டிரைவர் தேர்வு. பணம் கொடுத்தோ, சிபாரிசு பிடித்தோ அந்த இருக்கையில் உட்கார முடியாது.

பழைய இன்ஜின், புதிய உடம்பு

பிரிட்டனில் இத்தகைய இன்ஜின்களின் பாய்லருக்குப் பொதுவாக பத்து வருடம்தான் கெடு. பிறகு முழுசாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும். தேய்ந்த தகடு, குழாய், சக்கரப் பட்டை எல்லாம் மாற்ற வேண்டும். 'டாலிலின்' இன்ஜினும் அப்படித்தான் பல பாகங்கள் மாற்றப்பட்டு 1958-ல் மறுபடி ஓட வந்தது. 'பாகமெல்லாம் மாறிவிட்டால் அது பழைய இன்ஜினா?' என்று கேட்கலாம். வீட்டில் ஓடு மாற்றினோம், கதவு மாற்றினோம், தரை மாற்றினோம். ஆனாலும் அது தாத்தா கட்டிய வீடுதானே?

இந்த ரயில்வேயின் பென்ட்ரே பட்டறையில் ஓர் இன்ஜினையே புதிதாக உருவாக்கியிருக்கிறார்கள். அயர்லாந்தில் எரிபொருள் மண் அள்ளும் பாதைக்காகச் செய்யப்பட்ட இன்ஜினின் பாகங்களை எடுத்து, 1991-ல் வேலையை முடித்தார்கள். பெயர்? 'டாம் ரோல்ட்'!

இவர்கள் காட்டிய வழி மற்றவர்களுக்கும் தைரியம் கொடுத்தது. 1960-ல் இங்கிலாந்தின் புளூபெல் ரயில்வேயைத் தன்னார்வலர்கள் தொடங்கினார்கள். 1968 ஆகஸ்ட்டில் பிரிட்டன் அரசு ரயில்வே நீராவிக்கு விடை கொடுத்தது. வேல்ஸின் பாரி நகரத்தில் உடைப்பதற்காக ஒரு பழைய இரும்புக் கடைக்காரர் வாங்கிய 297 இன்ஜின்களில் 213-ஐ ஆர்வலர்கள் ஒவ்வொன்றாக மீட்டார்கள். 'டொர்னாடோ' என்ற பெரிய இன்ஜினைப் பொதுமக்கள் பணத்தில் புதிதாகவே கட்டி 2008-ல் ஓட்டினார்கள். 1990-ல் தொடங்கிய வேலை அது. பதினெட்டு வருடப் பொறுமை!

கரிக்கும் பஞ்சம்

2021-ல் வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலப்பரப்பை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. டாலிலின் ரயில்வேயும் அதில் ஒரு பகுதி. நம் நீலகிரி மலை ரயிலுக்கு 2005-ல் கிடைத்த அதே கௌரவம். ஆனால் ஊட்டி ரயிலுக்குப் பின்னால் இந்திய ரயில்வே இருக்கிறது. இங்கே டிக்கெட், நன்கொடை, வேலை செய்ய வரும் கைகள்... இவைதான் முதல்.

கௌரவம் கரி வாங்கித் தராது. பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. 2023 நவம்பரில் தெற்கு வேல்ஸின் ஃபோஸ்-அ-வ்ரான் சுரங்கமும் நின்றது. பல பாரம்பரிய ரயில்வேக்கள் இப்போது வெளிநாட்டுக் கரியையும், கரித்தூளைக் கெட்டியாக அழுத்திச் செய்த உருண்டைகளையும் எரித்துப் பார்க்கின்றன. புதுக் கரி வேறு மாதிரி எரியும். ஃபயர்மேன் பழகிய கையை மாற்றிப் பழக வேண்டும்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. அரசு ரயில்வேயில் நீராவி ஓட்டியவர்கள் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டார்கள். இன்ஜின் மூச்சுவிடும் சத்தத்தை வைத்தே 'கரி போட இது நேரம்' என்று சொல்லும் காது, ஆணியைத் தட்டிப் பார்த்தே தளர்வைச் சொல்லும் கை... இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் முழுசாக எழுதிவைக்கப்படவில்லை. பக்கத்தில் நின்று, பார்த்துப் பழகி வாங்கிக்கொள்ள வேண்டிய வித்தை.

இரும்பை ஷெட்டுக்குள் வைத்துக் காப்பாற்றலாம், தகடு போனால் புதுத் தகடு வாங்கலாம். வித்தையைக் காப்பாற்ற ஒரே வழி, இன்ஜினை ஓட்டிக்கொண்டே இருப்பதுதான். ஒரு சீசன் நின்றால் ஒரு தலைமுறைப் பாடம் நின்றுவிடும். அதனால்தான் மழையோ குளிரோ, அங்கே விடியும் முன்பே யாரோ ஒரு பெரியவர் நெருப்பைப் பற்றவைக்கிறார். பக்கத்தில் எண்ணெய்த் துணியோடு ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ நிற்கிறார். அந்த இரண்டாவது ஆள் வரும்வரை ரயிலுக்கு ஆபத்தில்லை!